ஆசிரியர் கேட்கவேண்டிய தமிழ்

கல்லூரி மலர்களிற் கல்லூரியன்னையின் புகழ் பாடுதல் மரபு. அதனைச் செய்தற்கு என்னினும் தகுதியுடையார் பலர் இம்மலரில் எழுதுகின்றனராதலின், நான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள மலராசிரியர் இடந்தருவார் என நம்புகின்றேன். நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழில் புகுந்தோரிற் பலர் தம் முதல் நியமனத்தைத் தோட்டப்புறப் பாடசாலைகளிலே பெற்றவர்கள். அவருள் நானும் ஒருவன். 1980களின் பிற்பகுதியிலே, அவிசாவளையில் இறங்கி, வேறொரு பேருந்து பிடித்து, அதிலிருந்தும் இறங்கி மூன்று கட்டை தூரம் நடந்து, கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கையிலே நற்சான்றிதழ் இருந்தது. நெஞ்சிலே தமிழறிவு பற்றிய செருக்கும் சிறிது இருந்தது.

நான்காம் ஆண்டு மாணவருக்கு ‘எனது வீடு’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதும்படி பணித்தேன். ஒரு சிறுமி, ‘எங்கள் காம்பராவில் ஏழு பேர் இருக்கிறோம்’ என்று தொடங்கியிருந்தாள். காம்பரா என்ற சொல்லைச் சிவப்பு மையினால் வெட்டி, ‘வீடு’ எனத் திருத்திக் கொடுத்தேன். மறுவாரமும் அவள் காம்பரா என்றே எழுதினாள், நானும் வெட்டினேன். மூன்றாம் வாரம் அவளுடைய கொப்பி வெறுமையாக வந்தது. பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த பாட்டியிடம் இதனை முறைப்பாடாகச் சொன்னேன். அம்மூதாட்டி சற்றே யோசித்துவிட்டு, “வீடுன்னு எழுதுனா அது பொய்யில்லீங்களா ஐயா? எங்களுக்கு வீடு எங்க இருக்கு? இது தோட்டத்துக் காம்பரா தானுங்களே. பேர் இல்லாட்டி காம்பராவும் இல்ல” என்றார்.

பேர் என்பது தோட்டத்துக் கணக்கேட்டிற் பதியப்படும் ஒருநாள் வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன். லயத்தின் ஓர் அறை தொழிலாளிக்குரியதன்று, தோட்டத்துக்குரியது. வேலைக்கு ஆள் இல்லையாயின் இருக்க இடமும் இல்லை என்பதை அவ்வொரு வாக்கியம் எனக்கு விளக்கியது. போர்த்துக்கீச மொழியினின்று வந்த அந்தச் சொல்லை ஒன்பது வயதுச் சிறுமி எத்துணைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தாள்! என் திருத்தம் பாடநூலுக்கு ஒத்தது. உண்மைக்கு ஒத்தது அவள் சொல்லே. பிற்காலத்தில் ஆசிரிய மாணவரின் கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வை செய்யும் பணியிலே பல ஆண்டுகள் இருந்தபோது, அதே சிவப்பு மையை எத்தனையோ கொப்பிகளிற் கண்டிருக்கின்றேன். கண்டபோதெல்லாம் அந்தச் சிறுமியின் வெற்றுத்தாளே நினைவுக்கு வந்தது.

ஆதலின் நான் சொல்ல வந்தது இதுதான்: தோட்டப்புறத்துக்குச் செல்லும் ஆசிரிய மாணவர், அங்குப் பேசப்படுந் தமிழையும் அம்மக்களின் வாழ்க்கை முறையையும், பேசத் தொடங்குமுன் கேட்டுப் பழகவேண்டும். அதற்கு இக்காலத்திற் பொட்காஸ்ட் என வழங்கும் வலையொலி மிக ஏற்ற கருவி. ஆயின் அவ்வொலி கொழும்பிலுள்ள ஒரு கலையகத்திற் செய்யப்படலாகாது. ஆசிரிய மாணவர் தாமே லயங்களுக்குச் சென்று, அம்மக்களின் வாயாற் பேசக் கேட்டுப் பதிந்ததாய் இருத்தல் வேண்டும்.

சப்பிரகமுவத்தை ஏன் தனித்தெடுத்துப் பேசவேண்டும் எனச் சிலர் வினவலாம். மலையகம் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது நுவரெலியாவின் தேயிலை மலையும் கூடை சுமந்த பெண்ணுமே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கதை வேறு. 1876ஆம் ஆண்டு கென்றத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவின. 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த ஆண்டு எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் குறும்பாதைப் புகைவண்டி ஓடத்தொடங்கியது. அவ்வண்டி ஏற்றிச்சென்ற பாலுக்கும் தேயிலைக்கும் கணக்குண்டு. அங்குப் போய்க் குடியேறியோரின் பேச்சுக்குக் கணக்கில்லை. இன்று அவிசாவளைக்கு அப்பால் அப்பாதையும் இல்லை.

இங்குள்ள தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போற் கிடப்பவை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. அதன்பின் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இம்மாகாணத்துத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர் பலர். எஞ்சியோரின் பிள்ளைகளிற் கணிசமானோர் இன்று சிங்கள மொழிமூலப் பாடசாலைகளுக்குப் போகின்றனர். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரில்லாத தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. பாட்டி தமிழிற் கேட்க, பேரன் சிங்களத்தில் மறுமொழி சொல்லுங் குடும்பங்களை நான் கண்டிருக்கின்றேன். அக்குடும்பத்துப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு வருமாயின், அவன் கொண்டுவருஞ் சிறிது தமிழையும் ‘இது தமிழன்று’ என்று ஆசிரியர் தள்ளினால், அவன் அடுத்த ஆண்டு எங்கே இருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருவோர்க்குத்தான் இந்தத் தடுமாற்றம் என்பதும் அன்று. நான் ‘கெதியாய் வா’ என்றபோது விழித்த பிள்ளைகள், ‘வெரசா வா’ என்று பக்கத்திலிருந்தவன் மொழிபெயர்த்தவுடன் ஓடிவந்தனர். ‘வகுப்பிற் கதைக்கவேண்டாம்’ என்றேன். கதை சொல்வதை நான் தடுத்துவிட்டதாக எண்ணி வருந்தினர் சிலர். இவை சிரித்து மறக்கக்கூடியவை. ஆயின் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்திலே பிறந்து, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயின்ற ஆசிரியையும் தெரணியகலைக்கு வந்தவுடன் திகைக்கின்றாள். அவள் அறிந்தவை கொழுந்தும் கவ்வாத்தும். இங்குப் பேச்செல்லாம் பால்வெட்டு, சிரட்டை, ஒட்டுப்பால். பெரட்டும் பிள்ளைக்காம்பராவும் பீலியும் பணிய லயமும் இரண்டிடத்தும் பொது. நாளின் ஒழுங்கு வேறு. குளிர்ந்த விடியற்பொழுதிலேதான் இறப்பர் மரத்திற் பால் நன்கு வடியும் ஆதலின், தாய் இருளிலே எழுந்து போகின்றாள். பிள்ளை தானே முகங்கழுவிப் பள்ளிக்கு வருகின்றது. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. மழைநாளில் வருவாய் குறையும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மழைநாளுக்குப் பஞ்சமில்லை. ‘மழை’ என்னும் பாடத்திலே மயிலையும் தவளையையும் காட்டி மகிழும் ஆசிரியை, அதே சொல்லைக் கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் எழுவது யாதென்று அறிவாளா? 2016 மே மாதத்தில் அரநாயக்கையிலும் புளத்கொகுப்பிட்டியிலும் மலை சரிந்து மக்களை மூடியதை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகள் இன்று இளைஞராகிவிட்டனர். அவர்தம் தம்பி தங்கையர் வகுப்பறையில் இருக்கின்றனர்.

இவற்றை நூலாக அச்சிட்டுக் கொடுத்தாற் போதாதோ என்பது நியாயமான வினா. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த பெருந்தொண்டினை நாமறிவோம். அத்தொகுதி இல்லையேல் பல பாடல்கள் அழிந்தே போயிருக்கும். எனினும் ஏட்டிலே உள்ளது சொல், மெட்டு இல்லை. தாலாட்டிலே தாய் எவ்விடத்தில் மூச்சு வாங்குகின்றாள், ஒப்பாரியிலே எச்சொல்லிற் குரல் உடைகின்றது என்பனவற்றை எழுத்து தாங்காது. பேச்சும் அவ்வாறே. ‘பெரட்டு’ என்று அச்சிற் படிக்கும் ஆசிரியர், அது ஆங்கிலத்துப் பரேட் என்ற சொல்லினின்று வந்ததென்னும் அகராதிப் பொருளை அறிவார். அச்சொல்லை ஓர் எழுபது வயதுத் தொழிலாளி உச்சரிக்கையிற் குரலில் இன்றும் இருக்கும் ஓர் அவசரத்தை அறியார்.

நம்போன்ற இந்துக் கல்லூரிகளின் மரபுக்கு இது புதிதோ என்றால், அன்று. ஆறுமுக நாவலர் அவர்கள் அச்சுக்கூடம் நிறுவியவர், பாலபாடம் வகுத்தவர். எழுத்தின் வலிமையை அவரினும் அறிந்தார் இலர். அவரே 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். நூல் படிக்கவியலாத மக்களின் செவியை நாடிச் சென்றார். பிரசங்கம் என்னுங் கருவி கிறித்தவப் பாதிரிமாரிடமிருந்து பெற்றதாயிற்றே என்று அவர் அஞ்சவில்லை. இன்று வலையொலியை மேனாட்டு இளைஞரின் பொழுதுபோக்கென ஒதுக்கும் அன்பர்கள் இதனைச் சிறிது எண்ணிப்பார்க்கலாம்.

பொட்காஸ்ட் என்ற பெயர் 2004இலே தோன்றியது. வானொலிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பெரிதன்றெனினும் நமது காரியத்துக்கு முக்கியமானது. வானொலியில் நேரங் குறித்துக் காத்திருக்க வேண்டும், தவறவிட்டால் தவறியதே. வலையொலியை ஒருமுறை கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டால், அலை எட்டாத மலையிலும் கேட்கலாம்; நிறுத்தலாம்; விளங்காத சொல்லைப் பத்துமுறை திருப்பிக் கேட்கலாம். எட்டியாந்தோட்டைப் பேருந்திலே நெரிசலில் நின்றுகொண்டும் கேட்கலாம். வேறொரு வேறுபாடும் உண்டு. 1925இலே கொழும்பில் வானொலி தொடங்கிய நாள்முதல், தமிழ் ஒலி தலைநகரிலிருந்து மலைக்கு ஏறிற்றேயன்றி மலையிலிருந்து இறங்கியது அரிது. அறிவிப்பாளரின் செந்தமிழை நாமெல்லாம் விரும்பிக் கேட்டோம். நானும் அதில் மயங்கியவனே. ஆயின் தோட்டத்துத் தமிழ் அங்குப் பெரும்பாலும் நாடகத்திலே நகைச்சுவைப் பாத்திரத்தின் வாயில்தான் வந்ததென்பது என் நினைவு.

எதிர்த்திசையிலும் ஒலி செல்லலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலி, ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குச் சென்று மக்களின் குரலை வாங்கி ஒலிபரப்பியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் அதனோடு இணைத்தனர். நேயர் கேட்கும் வினாக்களுக்கு இணையத்தில் விடைதேடி உள்ளூர் மொழியிற் சொன்னார்கள். இந்தியாவிலே மகாராட்டிரப் பெண்கள் திரிகை அரைக்கும்போது பாடிய பாடல்கள் ஓர் இலட்சத்துக்கு மேல் திரட்டப்பெற்றுள்ளன. 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக ஆவணக் களஞ்சியம் அவற்றை ஒலியோடு இணையத்தில் வெளியிட்டு வருகின்றது. உழைக்கும் பெண்ணின் குரலை, அவள் பெயரோடும் ஊரோடும் கேட்க முடிகின்றது. நம்மவரும் சும்மா இருக்கவில்லை. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பாதுகாத்துவரும் நூலக நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகின்றது. ஆதலாற் பதிந்ததை வைத்தற்கு இடமில்லை என்று யாரும் சொல்லவியலாது.

செய்யவேண்டியது யாது? தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இருந்துவரும் முறைப்படி, இரண்டாண்டுகள் விடுதியிலே தங்கிப் பயின்றபின் மூன்றாமாண்டு பாடசாலையிலே கட்டுறுப் பயிற்சி பெறவேண்டும். சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைக்கு அனுப்பப்படும் ஒவ்வோர் ஆசிரிய மாணவரும் அவ்வாண்டின் முதல் தவணையிலே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒலிப்பதிவொன்றைச் செய்து தரட்டும். முதற்பேர் பதிந்த நாளைப் பற்றி ஒரு மூதாட்டி பேசட்டும். பால்வெட்டுபவர் தம் கத்தியைப் பற்றிச் சொல்லட்டும். மாசித் திங்களிற் காமன் ஊன்றுவதற்கு முன் இளைஞர் எப்படி ஆள் சேர்க்கின்றனர், இரதி வேடத்துக்கு ஆண்பிள்ளை ஒருவனை எப்படிச் சம்மதிக்கச் செய்கின்றனர் என்பதை ஒருவர் விரிக்கட்டும். மேலே கூறிய பாட்டியும் பேரனும் இருமொழியிலே வாதாடுவதும் பதியப்படட்டும்; அதை மறைப்பதிற் பயனில்லை. பதிவோடு ஒரு தாளும் வேண்டும்: விளங்காத சொற்கள் எவை, யாரிடம் கேட்டறிந்தேன், முதலில் நான் எண்ணிய பொருள் யாது, உண்மைப் பொருள் யாது என்று. என் நோக்கில் அந்தத் தாளே முக்கியம். புள்ளி வழங்குவதாயின் அதற்கே வழங்கவேண்டும். ஒலியின் தெளிவுக்கும் பின்னணி இசைக்கும் புள்ளி வழங்கத் தொடங்கினால், காரியம் கெட்டது. அடுத்த அணியினர் பத்தனையிலோ வேறிடத்திலோ இருக்கும்போதே இவற்றைக் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வரட்டும்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளை நடுவராயிருந்து கண்ட அநுபவத்தால் ஓர் அச்சமும் எனக்குண்டு. மலையகப் பண்பாடு என்றாற் கூடையும் தலைத்துண்டும் தப்பொலியும் கொண்ட ஆறு நிமிட நடனம் என்றே ஆகிவிட்டது. இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கொழுந்துக்கூடையே கட்டிவிடுகின்றனர்! கூடைக்காரியின் மகள்மாரை மேடையிலே கைதட்டிப் பாராட்டிவிட்டு, வகுப்பறையிலே அவள் பேச்சைத் திருத்துவது என்ன பண்பாடோ அறியேன். வலையொலியும் அப்படியே ஒரு காட்சிப் பொருளாகிவிடலாகாது. வேலைநாளின் பேச்சே முதலிற் பதியப்படவேண்டும். விழாநாளின் பாட்டு பின்னர் வரட்டும்.

செந்தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் உளர். பரீட்சை எழுத்துத் தமிழிலேதான் நடக்கின்றது. அதனை இப்பிள்ளைகள் கற்றே ஆகவேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழை மறுப்பவர் அவன் மேற்படிப்பை மறுப்பவராவர். ஆயின் காம்பராவிலிருந்து வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்பவர், முதலிற் காம்பராவுக்குள் வந்து உட்காரவேண்டுமல்லவா? இரண்டு சொல்லையும் கரும்பலகையிலே எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளையே சொல்லும்படி கேட்டிருந்தால், அன்று எனக்கு அரைமணி நேரத்தில் ஓர் அருமையான பாடம் அமைந்திருக்கும்.

கருவியின் மேல் அளவிறந்த நம்பிக்கை வைப்போர்க்கு ஒன்று சொல்வேன். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைப்பேசி வழியே கற்பிக்கலாம் என்றனர். ஒரு காம்பராவுக்கு ஒரு கைப்பேசி, அதற்கும் அலை இல்லை, மூன்று பிள்ளைகள் என்ற நிலையில், தோட்டப் பிள்ளைகள் பின்தங்கிப் போனதை நாடே கண்டது. ஆதலால் இவ்வொலிகளை ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கும் யோசனையை யாரும் கொண்டுவராதிருப்பாராக. இவை ஆசிரியரின் செவிக்கு உரியவை.

இன்னுமொரு காரியத்திற் கண்டிப்பு வேண்டும். தோட்டத்திலே பேசுபவரின் குரலை அயல் லயத்தாரும் அடையாளங் காண்பர், கங்காணியும் காண்பார், துரையின் அலுவலகமும் காணும். கடனைப் பற்றியும், சம்பளத்தைப் பற்றியும், 1983ஐப் பற்றியும் ஒருவர் மனந்திறந்து பேசிவிட்டு மறுநாள் அஞ்சக்கூடும். பதிவதற்கு முன் அனுமதி கேட்பதோடு நில்லாது, பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாமென்றால் அவர் கண்முன்னே அழித்துவிட வேண்டும். பெயர் சொல்ல விரும்புவோரின் பெயர் சொல்லப்படவும், விரும்பாதாரின் பெயர் மறைக்கப்படவும் வேண்டும். பதிவின் பிரதியொன்று அக்குடும்பத்துக்கும் போகட்டும்.

பொன்விழாவுக்கும் வைரவிழாவுக்கும் நம் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டுகின்றன, நுழைவாயில் எழுப்புகின்றன. நன்று. நான் கேட்பது மிகச் சிறிது. ஆசிரிய மாணவரிடம் கைப்பேசி இருக்கின்றது. வேண்டுவது காற்றொலி புகாத சிறிய ஒலிவாங்கிகள் சில, பதிவுகளைச் சேர்த்துவைக்க ஒரு கணினி, தெரணியகலைக்கும் இறக்குவானைக்கும் பலாங்கொடைக்கும் போய்வரும் பேருந்துச் செலவு. தோட்டங்களிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவர் பத்துப் பேராவது இம்மலரைப் படிப்பர் என எண்ணுகின்றேன். தாம் முதலிற் கேட்டு விளங்காத சொற்களையும், அவற்றைத் தமக்கு விளக்கியவர் இன்னும் அங்கு இருக்கின்றாரா என்பதையும் அவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதியனுப்பினால், முதற் பயணத்துக்கு யார் வாயிலிற் போய் நிற்பதென்று நமக்குத் தெரிந்துவிடும். என் பட்டியலில் ‘காம்பரா’ முதலில் இருக்கின்றது, ‘பேர்’ இரண்டாவது.